இடாப்பில் ஒரு பெயர்

தேர்தல் நாளன்று வாக்கெடுப்பு நிலையத்தினுள் நுழையும் ஒருவர் முதலிற் சந்திப்பது ஒரு பெயர்ப் பட்டியலையே ஆகும். மேசையருகில் அமர்ந்திருக்கும் அலுவலர் அப்பட்டியலைப் பார்த்து அவருடைய இலக்கத்தையும் பெயரையும் உரத்து வாசிப்பார். கட்சிகளின் முகவர்கள் தத்தம் பிரதிகளில் அப்பெயரைக் குறித்துக்கொள்வர். அதன் பின்னரே விரலில் மை பூசப்படும். வாக்குச் சீட்டுக் கையிற் கொடுக்கப்படும். பட்டியலிற் பெயர் இல்லாதவர் எத்துணை நேர்மையான குடிமகனாயினும் வந்த வழியே திரும்ப வேண்டியவரே. சட்டைப் பையில் அடையாள அட்டை இருக்கலாம். முன்னைய தேர்தல்களில் வாக்களித்த அநுபவமும் இருக்கலாம். அவை எவையும் அந்நேரத்தில் அவருக்குத் துணைசெய்ய மாட்டா.

அப்பட்டியலுக்குத் தேருநர் இடாப்பு என்று பெயர். வாக்காளர் இடாப்பு என்பது மக்கள் வழக்கு. அதில் ஒருவருடைய பெயர் ஏறுவதும் அதிலிருந்து நீங்குவதும் தேர்தல் ஆரவாரம் எழும் காலத்தில் நிகழ்வன அல்ல. பல மாதங்களுக்கு முன்னரே, வீட்டு வாசலில், ஒரு சிறு பத்திரத்தில் அவை நிகழ்ந்து முடிந்துவிடுகின்றன. மேடைப் பேச்சுக் கேட்டு விழித்துக்கொள்வோர் பலர். அவர்கள் விழிக்கும்பொழுது இடாப்பு மூடப்பட்டிருக்கும். ஆதலால், இவ்விடாப்பு எவ்வாறு உருவாகின்றது, எந்த நாளை மனத்திற் கொள்ள வேண்டும், வீடு மாறினால் செய்யவேண்டியது யாது என்பவற்றை அறிந்திருத்தல் ஒவ்வொரு குடும்பத்தின் கடமையாகும்.

இலங்கையில் சர்வசன வாக்குரிமை 1931ஆம் ஆண்டில் டொனமூர் அரசியற் றிட்டத்தோடு வந்தது. 21 வயது நிறைந்த ஆண்களும் பெண்களும் சொத்து, கல்வி என்னும் அளவுகோல்களின்றி வாக்காளராகும் வழி அப்பொழுது திறந்தது. 1959ஆம் ஆண்டில் அவ்வயதெல்லை 18 ஆகக் குறைக்கப்பட்டது. உரிமை இவ்வாறு விரிந்துகொண்டு சென்ற காலத்திலேயே, நாட்டின் ஒரு பகுதி மக்கள் அதனை இழந்த வரலாறும் உண்டு.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் வாக்களித்துத் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். அடுத்த ஆண்டில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அதன்பின் 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தற் றிருத்தச் சட்டம், பிரசைகள் அல்லாதார் வாக்காளராக இருத்தல் இயலாது என விதித்தது. இவ்விரு சட்டங்களின் விளைவு கண்ணுக்குப் புலனாகியது வாக்காளர் இடாப்பிலேதான். மலைநாட்டு இடாப்புகளில் நிறைந்திருந்த பெயர்கள் பெருந்தொகையாக மறைந்தன. 1947இல் நுவரெலியாத் தொகுதியில் வென்ற திரு. சௌமியமூர்த்தி தொண்டமான் மறுபடியும் தேர்தலில் நின்று மக்கள் வாக்கினால் பாராளுமன்றம் புகுந்தது 1977ஆம் ஆண்டிலாகும். இடையிற் கழிந்தவை 30 ஆண்டுகள். 1964ஆம் ஆண்டு உடன்படிக்கை, 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை, 1988ஆம் ஆண்டுச் சட்டம் என்பவற்றைக் கடந்து, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னரே எஞ்சியிருந்தோர்க்கும் பிரசாவுரிமை வழி திறந்தது.

சட்டத்தினால் இழந்த ஒன்றைத் திரும்பப் பெற அரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது. அதே உரிமையை இன்று அசிரத்தையால் இழப்பதற்கு ஒரு பத்திரத்தை நிரப்பாதிருத்தலே போதும். இதனை நினைவிற் கொண்டால், இனி வரும் விதிகள் வெறும் கந்தோர் விதிகளாகத் தோன்றமாட்டா.

வாக்காளராகப் பதியத் தகுதியுடையார் யாவர்? இலங்கைப் பிரசையாயிருத்தல் வேண்டும்; 18 வயது நிறைந்திருத்தல் வேண்டும்; பதிவு கோரும் முகவரியிற் சாதாரணமாக வசிப்பவராயிருத்தல் வேண்டும். சித்த சுவாதீனமற்றவரெனச் சட்டப்படி தீர்மானிக்கப்பட்டோர் தகுதியற்றவராவர். இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றமொன்றிற்காக ஆறு மாதத்துக்குக் குறையாத சிறைத்தண்டனையை அநுபவிப்போரும், அதனை அநுபவித்து ஏழாண்டு கழியாதோரும் அவ்வாறே. எழுத்தறிவு, தொழில், சொந்த வீடு, காணி உறுதி என்பவற்றுள் எதுவும் இங்கே கேட்கப்படுவதில்லை. குடிசையில் வாழ்பவரும் வாடகை அறையில் வாழ்பவரும் மாடிவீட்டில் வாழ்பவரும் இடாப்பில் ஒரே அளவான வரியையே பெறுவர்.

இத்தகுதிகள் எந்த நாளில் இருந்தன எனப் பார்க்கப்படும் என்பதே அடுத்த வினா. அந்த நாளுக்குத் தகைமை பெறும் தேதி என்று பெயர். 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கத் தேருநர் பதிவுச் சட்டத்தின்படி அது நெடுங்காலம் யூன் மாதம் 1ஆம் தேதியாக இருந்தது. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் அது பெப்ரவரி மாதம் 1ஆம் தேதியாக மாற்றப்பட்டது. ஒருவர் எங்கே பதியப்பட வேண்டும் என்பது அந்த நாளில் அவர் எங்கே வசித்தார் என்பதைக் கொண்டு தீர்மானிக்கப்படும். சனவரியில் வீடு மாறியவர் புதிய வீட்டிற்குரியவர். மார்ச்சு மாதத்தில் மாறியவர் அவ்வாண்டுக்குப் பழைய வீட்டிற்குரியவர்.

பழைய முறையில் இளைஞர்க்கு ஒரு குறை இருந்தது. யூன் மாதம் 2ஆம் தேதி 18 வயது நிறைந்த ஒருவர், ஒரே நாள் பிந்தியமையால், அடுத்த ஆண்டு இடாப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் ஒரு தேர்தல் வந்து போனால் அது அவருக்கு இல்லாத தேர்தலே. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் இக்குறையை நோக்கி, பெப்ரவரி 1ஆம் தேதிக்குப் பின் 18 வயது நிறைவோரைச் சேர்த்துக்கொள்ளும் துணை இடாப்புகளுக்கு இடமளித்துள்ளது. அவை புதிதாக வயது நிறைவோரைக் கருதி ஏற்பட்டவை. வீடு மாறியவர் அவற்றை நம்பியிருத்தல் ஆகாது.

இனி, இடாப்பு உருவாகும் முறையைப் பார்ப்போம். நாட்டில் 14,000க்கு மேற்பட்ட கிராம உத்தியோகத்தர் பிரிவுகள் உள. அக்காலத்தில் விதானையாரிடமும், 1963ஆம் ஆண்டின் பின் கிராம சேவகரிடமும் இருந்த ஊர்ப் பணிகள் இன்று கிராம உத்தியோகத்தரிடம் உள்ளன. ஒவ்வோர் ஆண்டும் அவர் தம் பிரிவிலுள்ள வீடுகளின் விபரங்களை முந்திய இடாப்போடு ஒப்புநோக்குவார். பெயர் சேர்க்க வேண்டிய வீட்டிற்கு விண்ணப்பப் பத்திரம் கொடுக்கப்படும். வீட்டின் பிரதான குடியிருப்பாளர் அதனை நிரப்பிக் கையொப்பமிட்டுத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும்.

இப்பத்திரத்தை நிரப்புகையில் மூன்று விடயங்களிற் கவனம் வேண்டும். முதலாவது, பெயரைத் தேசிய அடையாள அட்டையில் உள்ளவாறே எழுதுதல். வீட்டில் அழைக்கும் பெயர் இங்கே பயன்படாது. இரண்டாவது, சென்ற ஆண்டு வேறிடத்திற் பதிந்திருந்தால் அவ்விடத்தின் விபரங்களைத் தவறாது கொடுத்தல்; அப்பொழுதுதான் பழைய இடத்திற் பெயர் நீக்கப்படும். ஒருவர் ஈரிடத்திற் பதிந்திருத்தல் சட்டத்துக்கு மாறானது; பொய்யான விபரம் கொடுத்தல் தண்டனைக்குரியது. மூன்றாவது, இறந்தோர் பெயரையும் வேறிடஞ் சென்றோர் பெயரையும் அறிவித்தல். இறந்தவர் பெயர் இடாப்பில் நிலைத்திருப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவர் பெயரால் வேறொருவர் வாக்களிக்கும் களவுக்கு அது வழியாகலாம்.

பத்திரங்கள் சேர்ந்தபின் மாவட்டத் தேர்தல் அலுவலகம் பட்டியல்களைத் தயாரிக்கின்றது. நீக்கப்படவுள்ள பெயர்கள் ஒரு பட்டியலிலும், புதிதாகச் சேர்க்கப்படவுள்ளவை மற்றொன்றிலும் காட்டப்பட்டு, மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. கிராம உத்தியோகத்தரின் அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் அவற்றைப் பார்க்கலாம். மக்கள் மிகுதியும் தவறவிடும் கட்டம் இதுவே. பத்திரத்தைக் கொடுத்துவிட்டோம், இனி யாவும் தாமே நடக்கும் என்று எண்ணி இருந்துவிடுகின்றனர். கையெழுத்து விளங்காமையால் ஒரு பெயர் தவறலாம். ஒரே பெயருடைய இருவருள் மாறி ஒருவர் நீக்கப்படலாம். அத்தகைய தவறுகளைத் திருத்துவதற்கென்றே இப்பட்டியல்கள் வெளியிடப்படுகின்றன.

விடுபட்டவர் தம் பெயரைச் சேர்க்குமாறு உரிமைக் கோரிக்கை செய்யலாம். தகுதியற்ற ஒருவருடைய பெயர் இருக்கக் கண்டவர் ஆட்சேபனை தெரிவிக்கலாம். இரண்டுக்கும் இறுதி நாள் உண்டு. அந்நாள் அவ்வவ்வாண்டு அறிவித்தலிற் குறிக்கப்பட்டிருக்கும். கோரிக்கை கிடைத்ததும் விசாரணை நடைபெறும். முடிவு திருப்தியளிக்காவிடின் மேன்முறையீட்டுக்கும் சட்டத்தில் வழியுண்டு. ஆனால் இறுதி நாள் கழிந்தபின் எவ்வளவு நியாயமான முறையீடும் அடுத்த ஆண்டையே பார்த்திருக்க வேண்டும். இடாப்பு அத்தாட்சிப்படுத்தப்பட்டபின் நடைமுறைக்கு வரும். அடுத்தது அத்தாட்சிப்படுத்தப்படும்வரை அதுவே செல்லும்.

முகவரிக்கு இத்துணை முதன்மை ஏன் என்று சிலர் கேட்கலாம். இடாப்பு அகரவரிசையில் அமைந்த நாடு முழுவதுக்குமான ஒரே பட்டியலன்று. நாடு 22 தேர்தல் மாவட்டங்களாகவும், அவை 160 தேர்தற் றொகுதிகளாகவும், அவை வாக்கெடுப்புப் பிரிவுகளாகவும் வகுக்கப்பட்டுள்ளன. அப்பிரிவினுள் கிராமம், தெரு, வீடு என்ற ஒழுங்கிற் பெயர்கள் அடுக்கப்படும். ஆகவே வீட்டு முகவரி மாறினால் வாக்களிக்கும் இடமும் மாறுகின்றது; மாவட்டம் மாறினால் தெரிவுசெய்யும் பிரதிநிதிகளும் மாறுகின்றனர். மட்டக்களப்பிலிருந்து வவுனியாவுக்குக் குடிபெயர்ந்த ஒருவர் பதிவை மாற்றாதிருந்தால், வவுனியாவின் வீதியும் குளமும் பற்றி அவர் கூற விரும்புவதை மட்டக்களப்பு வாக்குச் சீட்டில் கூற வேண்டியவராவார். அதற்கும் தேர்தல் நாளில் நெடுந்தூரப் பயணஞ் செய்ய வேண்டும்.

வாடகைக்குக் குடியிருப்போர்க்கு ஒரு தனித் தொல்லை உண்டு. வீட்டுச் சொந்தக்காரர் சிலர், குடியிருப்பவர் பெயர் தம் முகவரியில் இடாப்பேறினால் பின்னர் வீட்டுக்கு உரித்துக் கோருவர் என்று அஞ்சுகின்றனர். இவ்வச்சத்துக்கு ஆதாரமில்லை. வாக்காளராகப் பதிவதால் வீட்டின்மீதோ காணியின்மீதோ எவ்வித உரித்தும் பிறப்பதில்லை. ஒருவர் எங்கே உறங்கி எழுகின்றார் என்பதை மட்டுமே இடாப்பு கூறுகின்றது. சொந்தக்காரர் ஒத்துழைக்க மறுத்தால், குடியிருப்பவர் தாமே கிராம உத்தியோகத்தரைக் கண்டு தம் நிலைமையைக் கூறலாம்.

கல்விக்கோ வேலைக்கோ ஊரை விட்டுச் சென்றிருப்போர் நிலை வேறு. பல்கலைக்கழக விடுதியில் தங்கியிருக்கும் மாணவனும், கட்டுநாயக்கத் தொழிற்சாலையில் வேலைசெய்து வாடகை அறையில் வாழும் பெண்ணும், கொழும்புக் கடையில் வேலைபார்க்கும் மலைநாட்டு இளைஞனும் தற்காலிகமாக ஊரைப் பிரிந்திருப்பவர்களே. பெற்றோர் வீடே அவர்களுடைய நிலையான இருப்பிடமாயின் அங்கே பதிவைத் தொடரலாம். ஆனால் இவர்கள் இரண்டுக்கும் இடையில் விழுந்துபோகும் ஆபத்து உண்டு. மகள் வெளியூரில் இருக்கின்றாளே என்று தந்தை அவள் பெயரை எழுதாது விடுவார். அவள் நம் வீட்டாள் அல்லளே என்று விடுதிக்காரரும் எழுதாது விடுவார். இருவரும் தவறு செய்ததாக எண்ணார். பெயரோ எங்கும் இராது. எங்கே பதிவது என்பதைக் குடும்பத்தார் முன்கூட்டியே பேசித் தீர்மானித்துக்கொள்ளல் நன்று.

தோட்டங்களில் முகவரியே ஒரு பிரச்சினை. லயன் அறைகளுக்குத் தனி இலக்கம் இல்லாத தோட்டங்கள் இன்றும் உள. தோட்டத்தின் பெயரே பல குடும்பங்களுக்கும் பொதுவான முகவரியாகின்றது. அங்கே ஒரே பெயருடையோர் பலர் இருத்தலும் இயல்பு. ஆதலால் பத்திரத்தில் தோட்டத்தின் பெயரோடு டிவிசனின் பெயரையும் லயன் எண்ணையும் தெளிவாகக் குறித்தல் வேண்டும். பழைய லயத்திலிருந்து புதிய வீட்டுத் திட்டத்துக்குச் சென்றவர், தோட்டம் ஒன்றே என்று எண்ணி வாளாவிராது, மாற்றத்தை அறிவித்தல் வேண்டும்.

போரினால் இடம்பெயர்ந்தோர் நிலைமை இவை எல்லாவற்றினும் துயரமானது. விருப்பத்தினால் வீடு மாறியவர்க்கென ஏற்பட்ட விதி, துரத்தப்பட்டவர்க்குப் பொருந்துமா? 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முசிலிம் மக்கள் பலர் புத்தளத்தில் நெடுங்காலம் வாழ நேர்ந்தது. வடகிழக்குத் தமிழ் மக்கள் பலர் ஊரூராக இடம்பெயர்ந்தனர். இவ்வாறு இடம்பெயர்ந்தோர் தம் சொந்த ஊர் இடாப்பிலே பதிவு பெறுவதற்கென 2013ஆம் ஆண்டில் 27ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் இயற்றப்பட்டது. அது குறித்த காலத்துக்கென வந்த சட்டம். அக்காலம் சென்றபின், பொதுவிதியாகிய வதிவிடமே மீண்டும் முதன்மை பெறுகின்றது. சொந்த ஊருக்கு மீண்டோர் அங்கே பதிந்துகொள்ளலும், மீளாதோர் வாழுமிடத்திற் பதிந்துகொள்ளலும் வேண்டும்.

இடாப்பின் பயன் தனியொருவரின் வாக்கோடு முடிவதில்லை. ஒரு மாவட்டத்துக்கு எத்தனை பாராளுமன்ற ஆசனங்கள் என்பதும் இடாப்பைக் கொண்டே கணிக்கப்படுகின்றது. பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களுள் 196 மாவட்டங்களுக்குரியவை. அவற்றுள் 36, மாகாணத்துக்கு நான்கு வீதம் பங்கிடப்படுவன. எஞ்சிய 160 ஆசனங்களும் பதிந்த வாக்காளர் தொகைக்கேற்பப் பிரிக்கப்படுவன. 2024ஆம் ஆண்டு இடாப்பில் நாடு முழுவதிலும் இருந்த வாக்காளர் 17,140,354 பேர். இதனை 160 ஆல் வகுத்தால் 107,127 வரும். ஏறத்தாழ அத்தனை பெயர்களுக்கு ஓர் ஆசனம் என்பது கணக்கு.

இக்கணக்கின் விளைவை யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திற் காணலாம். கிளிநொச்சியையும் உள்ளடக்கிய அம்மாவட்டத்துக்கு 2010ஆம் ஆண்டுத் தேர்தலில் 9 ஆசனங்கள் இருந்தன. 2015இல் அவை 7 ஆயின. 2024இல் 6 ஆகக் குறைந்தன. அதே 2024இல் கம்பகா மாவட்டத்துக்கு 18 ஆக இருந்தது 19 ஆக உயர்ந்தது. யாழ்ப்பாணத்தின் குறைவுக்குப் போரும் இடப்பெயர்வும் கடல்கடந்த குடிபெயர்வும் பெருங் காரணங்கள். அவற்றை ஒரு பத்திரத்தினால் மாற்ற இயலாது. ஊருக்கு ஆசனம் குறையுமே என்று, ஊரில் இல்லாதார் பெயரை இடாப்பில் வைத்திருப்பதும் நேர்மையாகாது. ஆயினும், ஊரிலேயே வாழ்ந்தும் பதியாதிருப்பவர் ஒவ்வொருவரும் தம் வாக்கை மட்டும் இழக்கவில்லை. அயலாருடைய குரலின் நிறையையும் குறைத்துவிடுகின்றனர்.

அன்றாட வாழ்விலும் இடாப்பு பயன்படுகின்றது. அரசாங்கப் பாடசாலைகளில் முதலாந் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கையில், பாடசாலைக்கு அண்மையில் வசிப்போர் என்ற வகையில் விண்ணப்பிப்போர் வதிவிடத்தை நிறுவ வேண்டும். அதற்கு, முந்திய ஐந்தாண்டு இடாப்புகளில் பெற்றோர் பெயர் அவ்விடத்தில் உள்ளதா என்று பார்த்துப் புள்ளியிடப்படுகின்றது. பிள்ளை பிறந்த ஆண்டில் முகவரியை மாற்ற மறந்த தந்தை, ஐந்தாண்டு கழித்து அதன் விலையை அறிகின்றார்.

இறுதியாக, இரு தவறான எண்ணங்களைக் களைதல் வேண்டும். தேசிய அடையாள அட்டை பெற்றவர் தாமாகவே வாக்காளராகிவிடுவார் என்பது ஒன்று. ஆட்பதிவு வேறு, தேருநர் பதிவு வேறு. ஒன்று மற்றொன்றைத் தாராது. தபாலில் வாக்காளர் அட்டை வராவிடின் வாக்களிக்க முடியாது என்பது மற்றொன்று. இடாப்பிற் பெயரும் ஏற்கத்தக்க அடையாளப் பத்திரமும் இருப்பின் அவ்வட்டை இன்றியும் வாக்களிக்கலாம். பெயர் உண்டா என்பதை அறியக் கிராம உத்தியோகத்தரிடமோ மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலோ கேட்கலாம். 2015ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொண்டு தேடியும் பார்க்கலாம்.

செய்யவேண்டியவை சிலவே. பெப்ரவரி 1ஆம் தேதி யார் யார் வீட்டில் வசித்தனர் என்பதைக் குறித்துக்கொள்ளல். கிராம உத்தியோகத்தர் வரும்பொழுது, வராவிடின் அவரைத் தேடிச் சென்று, விபரங் கொடுத்தல். பட்டியல்கள் வெளிவந்ததும் ஒவ்வொரு பெயராகப் பார்த்தல். தவறிருந்தால் இறுதி நாளுக்கு முன் எழுத்தில் முறையிடுதல். இவற்றுக்குச் செல்வது ஆண்டில் ஓரிரு மணிநேரம். வீட்டிற் படித்த பிள்ளையொருவர் இப்பொறுப்பை ஏற்றால், முதியோரும் எழுத்தறியாதோரும் தம் பெயரை இழவார். அயல்வீட்டில் தனித்து வாழும் மூதாட்டியின் பெயரையும் அப்பிள்ளை அப்பொழுதே பார்த்துவிடலாம்.